தோற்றது கியூவாலா, ஃபவுலாலா? கார்பன் ஷாஃப்ட், ஜம்ப் கியூ, யாரும் சொல்லாத டபுள் ஹிட்

#1 மரக்கோல்

நேற்று லீக் அரையிறுதியில் தோற்றேன். பூல் மேசையில் நைன் பால்: பந்துகளை எண் வரிசையில் தொட்டு, ஒன்பதாம் பந்தைப் போடுபவர் அந்த ஃப்ரேமை எடுப்பார். முதலில் ஒன்பது ஃப்ரேம் எடுப்பவருக்கு வெற்றி. 8-8 வரை இழுத்துக்கொண்டு போனேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

எதிராளி மூன்று கியூவோடு (பந்தை அடிக்கும் கோல்) வந்தார். ஆடுவதற்கு கார்பன் ஷாஃப்ட் (கியூவின் மெல்லிய முன்பாகம்) போட்டது ஒன்று, அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் பிரேக் அடிக்க ஒன்று, குட்டையாக ஒரு ஜம்ப் கியூ. என்னிடம் இருப்பது பதினோரு வருடமாக நான் வைத்திருக்கும் ஒரே மேப்பிள் மரக் கியூ. பிரேக்கும் அதில்தான், ஆட்டமும் அதில்தான்.

கடைசி ஃப்ரேமில் மேசையில் 7, 8, 9 மட்டும். ஏழாம் பந்தை ஷார்ட் குஷனில் (மேசையின் குட்டைப் பக்க ரப்பர் விளிம்பு) ஒட்ட வைத்துவிட்டு, கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை எட்டாம் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தேன். நான் இதுவரை போட்ட சேஃப்டிகளிலேயே அதுதான் சிறந்தது என்பேன். அவர் பையைத் திறந்தார், ஜம்ப் கியூவை எடுத்தார், எட்டின் தலைக்கு மேலே வெள்ளையைத் தாவவிட்டு ஏழைத் தொட்டுவிட்டார். பந்து குஷனில் பட்டு நடு மேசைக்கு வந்தது. என் முறை. நீளமான கட், தவறவிட்டேன். ஏழு பாக்கெட் வாய்க்குப் பக்கத்தில் நின்றது, வெள்ளையும் அதன் பின்னாலேயே வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது.

அவர் அடித்தார். ஏழு விழுந்தது, வெள்ளையும் பின்னாலேயே கொஞ்சம் உருண்டு நின்றது. எனக்கு 'டிக், டிக்' என்று இரண்டு சத்தம் கேட்டது. "டபுள் ஹிட் மாதிரி இருக்கே" என்றேன். ஒரே அடியில் கியூ வெள்ளையை இரண்டு முறை தொட்டால் அது ஃபவுல், அதாவது விதிமீறல். "இல்லீங்க, சுத்தமாதான் அடிச்சேன்" என்றார். நடுவர் கிடையாது. எட்டும் ஒன்பதும் போட்டு முடித்துவிட்டார்.

என் கேள்வி இரண்டு. ஒரு ஆட்டத்துக்கு ஒரே கியூ என்று லீக்கில் விதி கொண்டுவரலாமா? அந்த ஏழாம் பந்து விஷயத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

#2 எட்டாம்பந்து

தம்பி, ரெண்டும் வேற வேற விஷயம். தோத்த கோபத்துல ஒண்ணா முடிச்சுப் போட்டுட்டீங்க. கியூ பத்தின கேள்வியை விட ரெண்டாவது கேள்விதான் எனக்குப் பெருசா தெரியுது. ஆனா முதல்ல கியூ பத்திப் பேசுவோம், இல்லேன்னா அது நடுநடுவுல வந்துக்கிட்டே இருக்கும்.

#3 நுனித்தோல்

கார்பன் ஷாஃப்ட் பற்றி ஊரெல்லாம் ஒரு மாயை இருக்கிறது. நான் கியூக்களுக்கு டிப் (பந்தில் படும் நுனித் தோல்) மாற்றிக் கொடுப்பவன். மரம், கார்பன் இரண்டும் கையில் நிறைய வந்து போகின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளைப் பந்தின் இடது பக்கம் அடித்தால், பந்து நாம் குறிவைத்த கோட்டில் போகாமல் கொஞ்சம் வலது பக்கம் விலகிப் போகும். வலது பக்கம் அடித்தால் இடது பக்கம் விலகும். இதைத்தான் டிஃப்ளெக்‌ஷன் என்கிறோம். டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பக்கவாட்டு அதிர்வு ஷாஃப்டில் கொஞ்ச தூரம்தான் போக முடியும். அதனால் கியூவின் மொத்த எடை இங்கே பேசாது. முன்பக்கம் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் எவ்வளவு எடை இருக்கிறதோ அதுதான் பேசும். அந்த எடை குறைந்தால் விலகலும் குறையும்.

இதைக் கண்டுபிடித்தது கார்பன் கிடையாது. பிரிடேட்டர் கம்பெனி 1990களிலேயே மர ஷாஃப்டின் நுனியைக் குடைந்து எடையைக் குறைத்து விற்றது. அவர்களுடைய ரெவோ கார்பன் ஷாஃப்ட் 2016இல் வந்தது. கார்பனால் நிஜமாகக் கிடைப்பது வேறு: கோணாது, ஓரத்தில் இடித்தாலும் பள்ளம் விழாது, ஈரத்துணியால் துடைத்தால் வழவழப்பு திரும்பிவிடும். மரத்தை எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் மழைக்காலத்தில் கையில் பிசுபிசுக்கும்.

ஸ்பின் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. பந்தின் அதே இடத்தில், அதே வேகத்தில் அடித்தால் ஸ்பின் ஏறக்குறைய ஒன்றுதான். விலகல் குறைவதால் ஆள் பயமில்லாமல் ஓரத்தில் அடிக்கிறார், அதனால் ஸ்பின் கூடியது போலத் தெரிகிறது. அங்கேயும் ஒரு வரம்பு உண்டு: பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதியைத் தாண்டினால் டிப் வழுக்கிவிடும். அது எந்தக் கியூவாக இருந்தாலும் மாறாது.

இன்னொன்று. மரக்கோல் பதினோரு வருடமாக ஒரே கியூவில் ஆடுகிறார். அந்தக் கியூ எவ்வளவு விலகும் என்பது அவர் தோளுக்கும் கண்ணுக்கும் தெரியும், யோசிக்காமலே ஈடுகட்டுகிறார். நாளைக்கு அவர் கையில் ஒரு கார்பனைக் கொடுத்தால் ஒரு மாதம் சைட் ஸ்பின் போட்ட பந்தெல்லாம் பாக்கெட்டின் மறுபக்க உதட்டில் இடிக்கும். ஆகவே எதிராளியின் ஷாஃப்ட் 8-8இல் அவரைத் தோற்கடித்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#4 ஓரக்குழி

ஷாஃப்ட் விஷயத்தில் நுனித்தோல் சொல்வது சரி. ஜம்ப் கியூ விஷயத்தில் நான் மரக்கோல் பக்கம்.

சேஃப்டி என்பது ஒரு கலை. இரண்டு பந்தின் வேகத்தையும் கணக்குப் போட்டு, ஒன்றை இங்கே நிறுத்தி மற்றதை அங்கே நிறுத்தி, நடுவில் ஒரு சுவர் எழுப்புகிறோம். அதிலிருந்து வெளியே வர நியாயமான வழி குஷனில் அடித்துத் திரும்புவது. ஒரு குஷன், இரண்டு குஷன், மூன்று குஷன் என்று எண்ணி, மேசை விளிம்பிலுள்ள வைரப் புள்ளிகளைப் பார்த்து ஆடும் அந்தக் கிக் ஷாட்டுக்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்! பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது அப்படிப்பட்ட ஷாட்டுகளால்தான். இப்போது ஒரு குட்டைக் குச்சியைத் திருகி மாட்டி, கடினமான ஃபீனாலிக் டிப்பால் ஒரு குத்து. சுவர் போயிற்று.

ஸ்னூக்கரில் பந்தைத் தாவவிட்டுக் குறுக்கே இருப்பதைத் தாண்டினால் ஃபவுல். அந்த ஆட்டம் அதனால் எதையும் இழக்கவில்லை. எங்கள் லீக்கில் ஜம்ப் கியூவுக்குத் தடை. யாராவது தாவவிட வேண்டுமென்றால் ஆடுகிற கியூவிலேயே தாவவிடட்டும், கை தட்டுகிறேன்.

#5 நீலச்சாக்

ஓரக்குழி அண்ணா, நான் மறுக்கிறேன்.

ஜம்ப் கியூ வாங்கின அன்னைக்கே எல்லாரும் தாவ விட்டுடறாங்கன்னா நான் எதுக்கு ஆறு மாசம் தினமும் முக்கால் மணி நேரம் அதையே அடிச்சிக்கிட்டு இருந்தேன்? வெள்ளையோட மேல் பாதியில, கீழ்நோக்கி, சரியான கோணத்துல அடிச்சாத்தான் பந்து துணிக்கு அடியில இருக்கிற கல்லுல மோதி எழும்பும். பந்துக்கு அடியில டிப்பை விட்டுத் தூக்குனா அது ஃபவுல். கொஞ்சம் கூடுதலா அடிச்சா பந்து மேசையை விட்டுத் தரையில ஓடும். தாவின பிறகு இலக்குப் பந்தைத் தொடணும், அப்புறம் ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொடணும், இல்லேன்னா அதுவும் ஃபவுல். தாவி, தொட்டு, பாக்கெட்டும் பண்றது பத்துல எத்தனை தடவை நடக்கும்னு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்க.

விதியும் இஷ்டத்துக்கு விடலை. உலக பூல்-பில்லியர்ட்ஸ் சங்கத்தோட அளவுப்படி கியூ குறைஞ்சது 40 அங்குல நீளம் இருக்கணும். 25 அவுன்ஸுக்கு மேல எடை போகக் கூடாது, டிப் 14 மில்லிமீட்டருக்கு மேல அகலம் கூடாது. ஜம்ப் கியூவும் இதுக்குள்ளதான் வரணும். உங்க லீக்ல தடைன்னா அது உங்க லீக்கோட விருப்பம், நான் அங்க வந்தா மதிச்சு ஆடுவேன். ஆனா அனுமதி இருக்கிற இடத்துல ஒருத்தர் அதை எடுத்தா அவரை ஏமாத்துக்காரர் மாதிரி பேசாதீங்க. மரக்கோல் அண்ணா எழுதினதுல அந்த வாடை வந்தது, அதான் மனசுக்குக் கஷ்டமா இருந்தது.

அந்த சேஃப்டியைப் பத்தியும் ஒண்ணு. எதிராளி பையில ஜம்ப் கியூ இருக்குன்னு தெரியும்போது வெள்ளையை எட்டுலேர்ந்து தள்ளி நிறுத்துனா தாவ இடம் கிடைக்கும். ஒட்டுற மாதிரி நிறுத்தியிருந்தா எந்தக் கியூவாலயும் தாவ முடியாது. எவ்வளவு தள்ளி நின்னுச்சு?

#6 மரக்கோல்

நீலச்சாக், ஒரு சாண் இருக்கும். நீங்கள் சொல்வது புரிகிறது. ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை, எழுதிய வேகத்தில் அப்படித் தொனித்திருந்தால் மன்னியுங்கள். எட்டிலேயே ஒட்டி நிறுத்தும் சேஃப்டி எனக்கு அவ்வளவாக வராது, அதைப் பழக வேண்டும்.

ஆனாலும் ஒரு கியூ வைத்திருப்பவனும் மூன்று கியூ வைத்திருப்பவனும் ஒரே மேசையில் நிற்கும்போது மனசு உறுத்தத்தான் செய்கிறது.

#7 நடுவர்நாற்காலி

உள்ளூர்ப் போட்டிகளில் பல வருடமாக நடுவராக நிற்கிறேன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஷாட்டில்தான் தொடங்கியவை.

பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பந்தை நேராக அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். டிப் வெள்ளையைத் தள்ளுகிறது. வெள்ளை போய் ஏழை முழுதாக இடிக்கிறது. இரண்டும் ஒரே எடை, அதனால் வெள்ளை தன் வேகம் எல்லாவற்றையும் ஏழுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடப் பார்க்கும். ஆனால் கியூ இன்னும் முன்னால் வந்துகொண்டிருக்கிறதே! இடைவெளி குறைவாக இருந்தால், நின்ற வெள்ளையை டிப் வந்து மறுபடி முட்டும். அதுதான் டபுள் ஹிட். கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கியூவைப் படுக்கையாக வைத்து நேராகத் தள்ளினால் அந்த இடைவெளியில் தப்பிப்பது மிகக் கடினம்.

சத்தத்தை நம்பாதீர்கள். நல்ல ஷாட்டிலும் இரண்டு சத்தம் உண்டு: டிப் வெள்ளையில் படுவது ஒன்று, வெள்ளை ஏழில் படுவது ஒன்று. நான் சத்தத்துக்காகக் காது கொடுப்பதே இல்லை, வெள்ளை எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

ஏழு கிளம்பிய கணத்திலேயே வெள்ளையும் அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு ஓடினால், அது ஃபவுல். வெள்ளை ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு மேல் ஸ்பின்னால் தானாக உருள ஆரம்பித்தால், நல்ல ஷாட். கோணத்தில் வெட்டி அடித்திருந்தால், வெள்ளை இடித்த இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். முன்னால் தள்ளிக்கொண்டு போனால் சந்தேகப்படலாம்.

இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் குழம்புவது இங்கேதான். வெள்ளையும் பந்தும் ஒட்டியே இருந்தால், நடுவில் இடைவெளியே இல்லையென்றால், அதை நோக்கி நேராக அடிப்பது உலக விதிப்படி செல்லும். மயிரிழை விலகியிருந்தால் டபுள் ஹிட் ஆபத்து, ஒட்டியிருந்தால் இல்லை. அதனால் அடிப்பதற்கு முன்னால் இருவரும் குனிந்து பார்த்து 'ஒட்டியிருக்கிறது' அல்லது 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்திருக்க வேண்டியது: அவர் குனிவதற்கு முன்னாலேயே எழுந்து, "ஒரு நிமிஷம், இது நெருக்கமான ஷாட், யாரையாவது பார்க்கச் சொல்வோம்" என்று கேட்டு, பக்கத்து மேசையிலிருந்து இருவருக்கும் வேண்டிய ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். பந்து விழுந்த பிறகு கேட்டால், சாட்சி இல்லாத இடத்தில் அடித்தவர் சொல்லே நிற்கும்.

#8 புதுக்கை

அண்ணா அக்கா எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாகத்தான் ஆடுகிறேன். கிளப்பில் சுவரில் மாட்டியிருக்கும் கியூவில் ஆடுகிறேன். சொந்தமாக முதலில் எதை வாங்கலாம்? கார்பனா மரமா?

#9 நுனித்தோல்

தம்பி, முதலில் அந்தச் சுவர்க் கியூவின் டிப்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார். கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? ஓரம் காளான் தலை போலப் பிதுங்கி நிற்கிறதா? அப்படியென்றால் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் சாக் (சுண்ணக்கட்டி) அதில் ஒட்டவே ஒட்டாது. நீ தேய்க்கிறாய், நீலப்பொடி கீழே உதிர்கிறது, டிப் மொட்டையாக நிற்கிறது. அடுத்த ஷாட்டில் 'ட்ஸிக்' என்று வழுக்குகிறது. புதியவர்கள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையில் கோளாறே இல்லை, கோளாறெல்லாம் அந்த அரை விரல்கடைத் தோலில். உப்புத்தாள் துண்டால் லேசாகச் சுரண்டி, குவிந்த வடிவம் கொடுத்துவிட்டு அடித்துப் பார், வேறு கியூ மாதிரி இருக்கும்.

வாங்குவதென்றால் நேரான, 58 அங்குல மரக் கியூ, 19 அவுன்ஸ் பக்கத்தில், 13 மில்லிமீட்டர் நடுத்தர டிப். அதை ஒரு வருடம் மாற்றாமல் ஆடு. கார்பனைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

சாக்கை ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் போடு, ஆனால் துளை போடுகிற மாதிரி திருகாதே, வண்ணம் பூசுகிற மாதிரித் தடவு. மேசைக்கு மேலே வைத்துத் தடவாதே. உதிரும் பொடி துணியில் விழும், துணியிலிருந்து பந்தில் ஏறும். இரண்டு பந்து மோதும் இடத்தில் சரியாக அந்தப் பொடி மாட்டிக்கொண்டால் பந்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இலக்குப் பந்து கோணம் மாறிப் போய்விடும். நல்லவர்கள் ஆட்டத்திலும் எளிதான பந்து திடீரென்று தவறுவதற்கு அது ஒரு காரணம்.

#10 நீலச்சாக்

புதுக்கை தம்பிக்கு ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். சாக்கைக் குஷன் மேல வைக்கும்போது குறி பார்க்க அடையாளமா வைக்காதே. பந்தைக் குஷன்ல மோதித் திருப்புற பேங்க் ஷாட்டுக்கு 'இந்த சாக்குக்கு நேரா அடிக்கணும்'னு வைக்கிறது மேசையில அடையாளம் போடுறதுக்குச் சமம், விதிப்படி அது விளையாட்டு ஒழுங்கு மீறல். கியூவைக் கையில பிடிச்சுக்கிட்டு கோணம் அளக்கலாம். பந்தையோ பந்து அடுக்குற முக்கோணத்தையோ வச்சு இடைவெளி அளந்தா ஃபவுல். எனக்கு இதை யாரும் சொல்லலை, ஒரு போட்டியில நடுவர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அந்த வெட்கம் இன்னும் இருக்கு.

#11 பச்சைத்துணி

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நடுவர் ஐயா எழுதியதைப் படித்தபோது ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வருடம் முன்னால் ஒரு எட்டுப் பந்து ஆட்டம். இரண்டு பந்துக்கு மேலே, கியூவைத் தாங்கும் கையைப் பாலம் போல வைத்து வெள்ளையை அடிக்க வேண்டும். குனிந்தபோது என் சட்டைக் கை ஒரு பந்தில் உரசி, அது நகத்தளவு நகர்ந்தது. அந்தப் போட்டியில் எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுல் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து டிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. நான் நிமிர்ந்தேன், சுற்றிப் பார்த்தேன், மறுபடி குனிந்து அடித்தேன். ஜெயித்தேன்.

பதினைந்து நாள் அது என்னைத் தின்றது. பயிற்சிக்கு வந்த இடத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. இன்றைக்கும் என்னோடு ஆடுகிறார், நன்றாகவே பேசுகிறார். ஆனால் அன்றிலிருந்து நான் மேசையில் இருக்கும்போது அவர் உட்காருவதே இல்லை. மேசை ஓரத்தில் வந்து நின்றுகொண்டு என் கையையே பார்க்கிறார்.

மரக்கோல் அண்ணா, மூன்று கியூ வைத்திருப்பவரைப் பார்த்தால் உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

#12 ஓரக்குழி

பச்சைத்துணி, நீங்கள் சொன்னது பெரிய விஷயம், மதிக்கிறேன்.

ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன். உட்கார்ந்திருப்பவருக்கும் கடமை உண்டு. நடுவர் இல்லாத ஆட்டத்தில் எதிராளிதான் நடுவர். அவர் டிப்பைச் சுரண்டிக்கொண்டும் போனைப் பார்த்துக்கொண்டும் இருந்துவிட்டு, ஆடுபவர் தானாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது பாதி நியாயம்தான். டபுள் ஹிட் போன்றவற்றில் அடித்தவருக்கே தெரியாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. குனிந்திருப்பவர் கண் இலக்குப் பந்தின் மேலே இருக்கும்.

#13 நடுவர்நாற்காலி

ஓரக்குழி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். டபுள் ஹிட்டில் அடித்தவருக்கு உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம், அதனால்தான் மூன்றாம் ஆள் வேண்டும் என்கிறேன். ஆனால் சட்டை உரசியதும் கை பந்தில் பட்டதும் தோலில் தெரியும். அதற்கு எதிராளியின் கண் தேவையில்லை. நான் நடுவராக நிற்கும்போது "ஐயா, என் விரல் பட்டது" என்று தானாகச் சொல்லிவிட்டு விலகி நிற்கும் ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் அடுத்த சந்தேகமான ஷாட்டில் "சுத்தமாக அடித்தேன்" என்று சொன்னால் எதிராளி ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிடுவார்.

உட்கார்ந்திருப்பவர் கடமைக்கு ஓர் உதாரணம். நைன் பாலில் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ஃப்ரேம் போய்விடும். ஆனால் இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு 'உங்களுக்கு இரண்டு ஆகிவிட்டது' என்று எச்சரிக்கை தந்திருந்தால்தான் மூன்றாவது செல்லும். இதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அடுத்தவருக்கு. தெரிந்துகொண்டே சொல்லாமல் காத்திருந்து மூன்றாவதில் பாய்கிறவர்களை நான் அனுமதிப்பதில்லை.

#14 எட்டாம்பந்து

சரி, நியாயம்னு பேச ஆரம்பிச்சாச்சு. கியூவை விட பெரிய அநியாயம் ரெண்டு இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, பலம் குறைஞ்சவருக்குச் சலுகை தர்ற ஹேண்டிகேப் லீக்ல வேணும்னே மட்டமா ஆடி ரேட்டிங்கைக் கீழ வச்சுக்கிறது. ஆட்டக்காரரோட பலத்தைப் புள்ளியா கணக்குப் போடுற ஃபார்கோ ரேட் முறையில ரெண்டு பேருக்கு நடுவுல 100 புள்ளி வித்தியாசம்னா, மேல இருக்கிறவர் ரெண்டு ஃப்ரேம் எடுத்தா கீழ இருக்கிறவர் ஒண்ணு எடுப்பார்னு கணக்கு. அதை வச்சுத்தான் தொடக்கத்துலயே ஃப்ரேம் விட்டுக் கொடுக்குறோம். ஒருத்தர் பாதி சீசன் முழுக்கப் பந்தைப் பாக்கெட் வாயில வச்சுத் தவறவிட்டுட்டு, நாக் அவுட்ல மட்டும் முழுசா ஆடுனா, எதிராளி மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே தோத்துட்டார். எந்தக் கார்பன் ஷாஃப்டும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கொடுக்காது.

ரெண்டாவது, ரேக், அதாவது பிரேக்குக்கு முன்னாடி பந்துகளை அடுக்குறது. நைன் பால்ல ஒண்ணாம் பந்து மேசையில குறிச்சிருக்கிற ஸ்பாட்ல இருந்து, பந்துகள் இறுக்கமா உட்கார்ந்தா, ஓரத்துப் பந்து மூலைப் பாக்கெட்டுக்குத் தானா வழி தெரிஞ்சு போகும். அதனாலதான் பெரிய போட்டிகள் சிலதுல ஒன்பதாம் பந்தை ஸ்பாட்ல வைக்கிறாங்க. தனக்கு ரேக் பண்ணும்போது இறுக்கி, அடுத்தவருக்குப் பண்ணும்போது ஒரு இழை இடைவெளி விடுற ஆளை நான் பார்த்திருக்கேன். அதைக் கண்டுபிடிக்கிறது டபுள் ஹிட்டை விடக் கஷ்டம். முன்பந்துக்குப் பின்னால ரெண்டு பந்து ஒட்டியிருக்கான்னு குனிஞ்சு வெளிச்சம் பாருங்க.

கியூவை அளக்குற நாம மேசையை அளக்குறதே இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மாஸ்கோனி 1954ல 526 பந்து தவறவிடாம தொடர்ந்து போட்டதை இன்னைக்கும் பேசுறோம். அது 8 அடி மேசை. ஜான் ஷ்மிட் 2019ல 626, ஜேசன் ஷா 2022ல 714. யார் பெரியவர்னு சண்டை போடுறவங்க முதல்ல கேக்குறது மேசை எவ்வளவு, பாக்கெட் எவ்வளவு அகலம்னுதான். என்ன கியூன்னு யாரும் கேக்குறதில்லை. உலக அளவுல மூலைப் பாக்கெட் வாய் நாலரை அங்குலம்தான் ஆரம்பம், ரெண்டு பந்து பக்கத்துல பக்கத்துல வச்சா சரியா அடைஞ்சுக்கும். உங்க கிளப்புல ஒரு மேசை அகலமா, ஒரு மேசை குறுகலா இருந்தா, யாருக்கு எந்த மேசைங்கிறதுலயே பாதி முடிவு இருக்கு. சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்க.

#15 மரக்கோல்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எழுத வேண்டியது இருக்கிறது.

என் நண்பரின் மகன் அந்தக் கடைசி ஃப்ரேமைப் போனில் எடுத்திருந்தான், ஸ்லோ மோஷனில், வினாடிக்கு 240 படம். இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்தது. நடுவர் ஐயா சொன்ன மாதிரி சத்தத்தை அணைத்துவிட்டு வெள்ளையை மட்டும் பார்த்தேன். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நாலு மில்லி வினாடி, அதனால் டிப் படுவது தெளிவாகத் தெரியாது. ஆனால் வெள்ளை தெரிகிறது. ஏழு கிளம்பிப் போகிறது, வெள்ளை கிட்டத்தட்ட நிற்கிறது. பத்துப் படத்துக்கும் மேல் அப்படியே. அப்புறம்தான் மெதுவாக உருள ஆரம்பிக்கிறது. கியூவின் பின்பக்கத்தை அவர் நன்றாக உயர்த்தி, குட்டையாகக் கொத்தி எடுத்திருக்கிறார், டிப் வெள்ளையை விட்டு மேலே எழும்பிவிட்டது. நான் நாற்காலியிலிருந்து பார்த்த கோணத்தில் இது எதுவும் தெரிய வழியில்லை.

திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபவுல் இல்லை.

ஒரு வாரமாக அவரை மனதுக்குள் பொய்யர் என்று வைத்திருந்தேன். இங்கே முகம் தெரியாத உங்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். நேற்று அவருக்குப் போன் செய்து, வீடியோவை அனுப்பி, "நீங்க சொன்னதுதான் சரி, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் முதலில் கேட்டது, "அந்த வீடியோவில் என் எல்போ கீழே இறங்குதா பாருங்க" என்று. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்.

ஜம்ப் கியூ பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஓரக்குழி லீக்கைப் போல எங்கள் லீக்கிலும் தடை வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கப்போகிறேன். அவரிடமும் சொன்னேன், அவர் எதிர்த்துப் பேசுவாராம். ஒரே கியூ விதி வேண்டும் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டேன்.

வரும் ஞாயிறு நட்பு ஆட்டம் வைத்திருக்கிறோம், ஒன்பது ஃப்ரேம். நடுவர் ஐயா, உங்களுக்கு நேரம் இருக்குமா?

#16 நீலச்சாக்

மரக்கோல் அண்ணா, அந்த வீடியோவை இங்கேயும் போடச் சொல்லி அவர்கிட்ட கேளுங்க, அனுமதிச்சா மட்டும். நெருக்கமான ஷாட்டைச் சுத்தமா எப்படி அடிக்கிறதுன்னு புதுசா வர்றவங்களுக்குக் காட்டலாம். ஜம்ப் கியூ கூட்டத்துக்கு முன்னாடி என்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்க, அவருக்கு நாலு பாயிண்ட் எழுதிக் கொடுக்குறேன்.

#17 நடுவர்நாற்காலி

ஞாயிறு வருகிறேன். முதல் பிரேக்குக்கு முன்னால் மூன்று விஷயம் இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும்: எல்லாப் பந்துக்கும் ஃபவுலா, வெள்ளைக்கு மட்டுமா? ஜம்ப் கியூ உண்டா, இல்லையா? ரேக் யார் பண்ணுவது? நெருக்கமான ஷாட் வந்தால் குனிவதற்கு முன்னால் கையை உயர்த்துங்கள், நான் எழுந்து பக்கத்தில் வரும் வரை அடிக்க வேண்டாம். ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகு அடிக்கலாம்.

பந்துகளை நான் துடைத்துக் கொண்டு வருகிறேன்.